பாடை போகும்போது நிற்காத சக்கரம்

லேத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், மோட்டார் சுற்றுகிறது. நான் வேலை செய்த அரியலூர்ப் பட்டறையில் அந்த மோட்டார் நான்தான். உங்கள் மோட்டார் டீ கேட்காது. நான் கேட்பேன். மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. பட்டறையின் பின்சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் இருந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் தோல் பெல்ட் இரும்பு கடைகிற லேத்தைச் சுழற்றும். தடித்த வெட்டுக்கு இரண்டு ஆண்கள் சுற்றுவார்கள். கடைசி வெட்டுக்கு மட்டும் மேஸ்திரி என்னைக் கூப்பிடுவார். ஆண்களுக்கு இதில் வருத்தம்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் வேலையை முடிப்பதற்காகச் சுற்றினார்கள். நான் சின்ன வயதிலிருந்து திருகையில் உளுந்து உடைத்தவள். வேகத்தைக் கூட்டினால் உளுந்து நொய்யாகும், மாமியார் பேச்சு நீளும். இரண்டுக்கும் பயந்து கை ஒரே சீராகப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்டது வெளியே வருகிற வழி ஒன்றைத்தான். அதனால் இதில் படிப்பு எதையும் தேடாதீர்கள்.

கடைசி வெட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிலிண்டரின் உள்ளே டூல் மயிரிழை கனத்துக்குச் சீவிக்கொண்டே போகும். நடுவில் சக்கரம் நின்றால், நின்ற இடத்தில் வளையல் மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை எடுக்க இன்னொரு வெட்டு போட வேண்டும். இன்னொரு வெட்டுக்குச் சிலிண்டரில் சதை இருக்க வேண்டும். நான் சொல்லப்போகிற சிலிண்டரில் அது இல்லை.

உடையார்பாளையம் பக்கத்துப் பண்ணையார் ஒருவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. யுத்தத்துக்கு வெகு முன்பு சீமையிலிருந்து வந்தது. அதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வாயே கிடையாது. இரண்டு சிலிண்டர், இரண்டின் மேலும் மீன் செதில் போல அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள். வண்டி ஓடும்போது காற்று அந்தச் செதில்களுக்குள் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். செய்தவன் குளிர் தேசத்துக்காரன். நம் ஊர்ச் சித்திரை மாதத்துக் காற்று சூட்டை எடுக்க வருகிறதா, கொடுக்க வருகிறதா என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

பண்ணையார் அந்த வண்டியில் குன்னம் பக்கம் தன் பருத்திக் காட்டைப் பார்க்கப் போவார். கரிசல் சேறும் பறக்கிற பஞ்சும் செதில்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, காய்ந்து, எஞ்சினுக்குக் கம்பளி போர்த்திவிட்டன. ஒரு நாள் குன்னம் ரோட்டில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. புகை வந்தது. பண்ணையார் இறங்கி, "தண்ணி ஊத்துங்கடா!" என்று கத்தினார். காட்டில் வேலை செய்தவர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

டிரைவர் காசிம் வண்டிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். "ஊத்தாதீங்க! சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சுடும்!"

குடம் கொண்டுவந்த ஒரு அம்மாள், "எரியிற வூட்டுக்குத் தண்ணி வேணாங்கிறானே, இவனுக்கு வெயில்ல மூளை கலங்கிடுச்சா?" என்றாளாம்.

பண்ணையார், "நான் சொல்றேன், ஊத்துடா," என்றார்.

"என் மேல ஊத்துங்க முதலாளி. வண்டி மேல வேணாம்."

ஊற்றவில்லை. பண்ணையார் பருத்தி ஏற்றின மாட்டு வண்டியில் தாட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் பார்க்கிறவர்களின் கும்பிடை வாங்கிக்கொண்டு வீடு போனார். வண்டி கெட்டதைக்கூட அவர் மறந்திருப்பார். அந்தத் தாட்டை மறக்கவில்லை.

இரண்டில் கெட்டுப்போன ஒரு சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்தார். காசிம் பின்னால் நின்றான்.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமை நான் இந்த வண்டியில பெரம்பலூர் போயிட்டு வரணும். வண்டி ஓடுச்சுன்னா இவனும் இருப்பான். ஓடலைன்னா இவன் வேற பொழப்பு பாத்துக்கட்டும். என் பேச்சைக் கேக்காதவனுக்கு நான் ஏன் சோறு போடணும்?"

காசிமுக்கு அம்மா, மனைவி, நாலு பிள்ளைகள். அரியலூர் பக்கம் டிரைவர் வைத்துக் கார் ஓட்டுகிற வீடுகள் அப்போது ஒரு கை விரலுக்குள் அடங்கும். அந்த வீடுகளில் எல்லாம் டிரைவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

பண்ணையார் போன பிறகு மேஸ்திரி சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது. "விரிசல் இல்ல," என்றார். "நீ தண்ணி ஊத்த வுடாததால இது இன்னும் சிலிண்டரு. ஊத்தியிருந்தா துலாக் கெணத்துக்கு எடக்கல்லா கட்டிக்கலாம்."

"இத முதலாளிகிட்ட சொல்லுங்களேன், மேஸ்திரி."

"சொல்லலாம். தாட்டு மேல ஒக்காந்து போன ஆளு காதுல அது ஏறாது. வண்டி ஓடினா அதுவா ஏறும்."

உட்புறம் பூனை பிறாண்டினது போல் நெடுக்குக் கோடுகள். ஏற்கெனவே இரண்டு முறை வேறு யாரோ கடைந்து பெரிதாக்கியிருந்தார்கள். இன்னும் ஒரு முறை எடுக்கலாம், அதோடு சரி. அதற்கு மேல் எடுத்தால் சுவர் அப்பளம். வேறு சிலிண்டர் வாங்கலாம் என்றால், அது யுத்த காலம், கப்பல்கள் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தன. திருச்சி பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் பெரிய பிஸ்டன் ஒன்று கிடைத்தது. கடைந்து முடித்த துளைக்குத் தக்கபடி அதைச் சீவிக்கொள்ளலாம்.

இரண்டு ஆண்கள் சுற்றித் தடித்த வெட்டு புதன்கிழமை முடிந்தது. வியாழக்கிழமை கடைசி வெட்டு. அன்று காலையில் தெருவில் ஒரு சாவு.

செத்தவர் எதிர்ச் சாரியில் கொத்தமல்லி மண்டி வைத்திருந்தவர். வயதானவர். பகல் சாப்பாடு ஆனதும் மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுப்பார். எங்கள் லேத் ஓடினால் எழுந்து வாசலுக்கு வந்து, "நிறுத்துங்கடா அந்தச் சனியன!" என்பார். மேஸ்திரி நிறுத்திவிடுவார். அக்கம்பக்கத்தோடு சண்டை வேண்டாம் என்பது அவர் கொள்கை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாடை போகும்போது ஒரு சக்கரமும் சுற்றக்கூடாது. செக்கு நிற்கும், தையல் மிஷின் நிற்கும், மாட்டு வண்டி ஓரமாக நிற்கும். போகிற உயிர் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். சிக்கினதை யாரும் பார்த்ததில்லை. எல்லாம் நின்றுவிடுவதால் பார்க்க வாய்ப்பும் இல்லை.

மேஸ்திரி விசாரித்தார். மண்டிக்காரர் மகள் லால்குடியிலிருந்து வர வேண்டும், சாயங்கால ரயிலில்தான் வருவாள், அதற்கு முன்னால் எடுக்கமாட்டார்கள் என்றார்கள். கடைசி வெட்டு ஒரு அண்டா நெல் வேகிற நேரம் பிடிக்கும். சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். பிசகினது அங்கேதான். லால்குடி மகள் ரயிலுக்குக் காத்திருக்காமல் யாரோ ஏற்றிவிட்ட லாரியில் வந்து இறங்கிவிட்டாள். எங்களுக்கு அது தெரியாது. நான் சக்கரத்தைப் பிடித்துவிட்டேன்.

கால்வாசி வெட்டு போயிருக்கும். சாவுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. காசிம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"எடுத்துட்டாங்க மேஸ்திரி. இந்தப் பக்கந்தான் வராங்க."

மேஸ்திரி டூல் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "சுத்து," என்றார் என்னிடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வழக்கத்தை மதிக்கிற மனுஷர் அவர். வேறு வேலையாக இருந்தால் முதலில் நிறுத்துகிறவரும் அவர்தான். ஆனால் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்பதை அவர் டூல் இரும்பைத் தொடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுவார். தப்புச் சத்தம் வாசலுக்கு வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு யோசனை வராது, வியர்வைதான் வரும்.

எனக்கு வேறு ஒரு கஷ்டம். தப்பு அடிக்கிறவர்கள் நன்றாக அடித்தார்கள். கேட்டால் காலே ஆடும், கை சும்மா இருக்குமா? என் கை அந்த வேகத்துக்குப் போகப் பார்த்தது. மேஸ்திரிக்கு அது உடனே தெரிந்துவிட்டது. "கை ஓடுது," என்றார். இழுத்துப் பிடித்தேன். அடுத்த அடிக்கு மறுபடியும் ஓடியது.

ஊர்வலம் பட்டறை வாசலுக்கு வந்தது. மூத்த மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதனால் பார்க்கவில்லை. மருமகனுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. அவன் நேராக உள்ளே வந்தான்.

"யோவ், எங்க மாமா போறாரு. சக்கரம் சுத்துது?"

காசிம் குறுக்கே போய்க் கும்பிட்டான். "ஐயா, இன்னும் செத்த நேரந்தான். இது நின்னா என் பொழப்பு போயிடும்யா."

"உசுரே போயிடுச்சுங்கிறேன், நீ பொழப்ப பேசுற? உயிரோட இருந்தப்பதான் தூங்க வுடல. இப்பவுமாடா?"

காசிமை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பெல்ட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான். ஓடுகிற பெல்ட்டைப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சிலிண்டரும் போகும், அவன் விரலும் போகும், அன்றைக்கு அந்தத் தெருவில் இரண்டாவது அழுகை கிளம்பும். மேஸ்திரியால் டூலை விட்டு வர முடியாது. என்னால் கையை எடுக்க முடியாது. வாய் ஒன்றுதான் சும்மா இருந்தது.

திறந்தேன். ஒப்பாரி வைத்தேன்.

"மல்லி மணக்கும் மண்டியிலே – என்னப் பெத்த அய்யாவே
மத்தியானம் தூங்கினீரே
சத்தம் கேட்டா வையுவீரே – என்னப் பெத்த அய்யாவே
சக்கரம் சுத்துதே கேக்கலியோ

நீ வந்து வையணும்னு – என்னப் பெத்த அய்யாவே
நிக்காம சுத்துறமே
ஒரு வார்த்தை வஞ்சுப்புட்டா – என்னப் பெத்த அய்யாவே
ஓடுற சக்கரம் நின்னுருமே"

மருமகனின் நீட்டின கை அப்படியே நின்றது. அழுகிற பொம்பளையை நிறுத்து என்று சொல்ல எந்த ஊர் வழக்கத்திலும் இடமில்லை. அவன் மெல்லக் கையை இறக்கி, துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். வெளியே தப்பு நின்றது. ஒப்பாரி எழுந்தால் தப்பு அடங்குவது முறை. எனக்கு வேண்டியதும் அதுதான். ஒப்பாரி நடையில் என் கை பழைய சீருக்கு வந்துவிட்டது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு போயிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பாடைக்குப் பக்கத்தில் வந்த ஒரு பெரியவர், "நில்லுங்கப்பா. பட்டறைக்காரங்க இவ்வளவு பாசமா இருந்திருக்காங்க, நமக்குத் தெரியலியே. அந்தப் புள்ள பாடி முடிக்கட்டும்," என்றார். பாடையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கொள்ளிச் சட்டி நாலு வீடு தாண்டித் தனியாக நின்றது.

வெட்டு பாதிதான் முடிந்திருந்தது. பாட்டு நின்றால் பாடை நகரும், சக்கரம் நிற்க வேண்டும். சக்கரம் நிற்கக்கூடாது என்றால் பாட்டு நிற்கக்கூடாது. மண்டிக்காரரின் நல்ல குணங்களைப் பாட ஆரம்பித்தேன். அவை சீக்கிரம் தீர்ந்துவிட்டன. பிறகு அவரிடம் இல்லாத குணங்களைப் பாடினேன். தெருவில் இருந்த வேறு நல்லவர்களின் குணங்களை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். நான் பாடின மாதிரி ஒரு மனுஷர் உண்மையில் இருந்திருந்தால் அவர் ஏன் அரியலூரில் மண்டி வைக்கப்போகிறார்? ஆனால் வெளியே பெண்கள் எல்லாம் விம்மினார்கள்.

அதுவும் தீர்ந்தது. அதன் பிறகு என் வீட்டுச் சாவை எடுத்தேன். ஒப்பாரியில் எல்லாரும் செய்வதுதான் அது. பேர் அவர்களுடையது, அழுகை நம்முடையது. எனக்கு ஒரு பிள்ளை காலராவில் போயிருந்தது. அதைப் பாடினேன். என்ன பாடினேன் என்பது நினைவில்லை.

"போதும், வுடு," என்று மேஸ்திரி சொன்னபோது டூல் மறுபக்கம் வெளியே வந்திருந்தது. சக்கரத்தை விட்டேன். வாசலில் பாடையைத் தூக்கினார்கள். மருமகன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்குத் திரும்பிக் கும்பிடக் கை எழவில்லை.

மேஸ்திரி சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டார். மேலிருந்து கீழே மெதுவாக வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த எடத்துல என்னாச்சு?"

"மண்டிக்காரரு தீந்துட்டாரு. என் புள்ளய எடுத்தேன்."

அவர் இன்னொரு தடவை விரலை ஓட்டினார். வெளிச்சத்தில் பார்த்தால் எங்களுக்கும் தெரிந்தது, பனி படிந்தது போல ஒரு மங்கல் வளையம்.

காசிம் பதறினான். "மேஸ்திரி, எமரி பேப்பர் போட்டுத் தேச்சுடுங்களேன். முதலாளி உள்ள பாத்தாருன்னா அவ்வளவுதான். கோடு இருக்குன்னு அங்கேயே என்னை அனுப்பிடுவாரு."

மேஸ்திரி பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங் ஒன்றை எடுத்துத் துளைக்குள் வைத்தார். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கிற சந்தைப் பார்த்தார். துளை அகலமான இடத்தில் சந்து விரியும், குறுகின இடத்தில் மூடும். கொஞ்சம் இறக்கினார், பார்த்தார். மங்கலான இடத்துக்கு வந்ததும் வெகு நேரம் பார்த்தார். அதைத் தாண்டியும் பார்த்தார். சந்து எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வட்டம் சரியாருக்கு," என்றார். "தேச்சா பளபளன்னு ஆவும். தேச்ச எடம் மட்டும் அகலும். அப்புறம் ரிங் அங்க புடிக்காது. முதலாளி கண்ணுக்குத் தேய்க்கணுமா, எஞ்சினுக்கு வேலை செய்யணுமா? ஒண்ணு சொல்லு."

"எனக்கு வேலை இருக்கணும் மேஸ்திரி."

"அப்ப தேய்க்க வேணாம்."

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடம்தான். ஒப்பாரி வைக்க உங்களுக்குத் தேவை வராது. உங்கள் மோட்டாருக்குப் பாடத் தெரியாது. ஆனால் கண்ணுக்குக் குறையாகத் தெரிகிற இடத்தில் கை துறுதுறுக்கும். பக்கத்தில் ஒருவன் பயத்தில் தேய், தேய் என்பான். அப்போது ரிங்கைக் கேளுங்கள். பயந்தவனைக் கேட்காதீர்கள். உங்களைக்கூடக் கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலமே பிஸ்டனைச் சீவிப் பொருத்தினார்கள். செதில்களில் இருந்த சேற்றையும் பஞ்சையும் காசிம் தென்னங்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பண்ணையார் வந்தார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் மூடியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்தார். பெரம்பலூர் போனார்கள். புதிதாகக் கடைந்த எஞ்சின் என்பதால் காசிம் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு மெதுவாக ஓட்டியிருக்கிறான். உச்சி வெயிலில் திரும்பி வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கிட்டே போனால் அடுப்பு மாதிரி அனல்.

மேஸ்திரி வெளியே வந்தார். "அணை," என்றார்.

காசிம் அவரைப் பார்த்தான். சூட்டில் பிஸ்டன் பருத்திருக்கும். துளை சரியில்லை என்றால் இப்போது அணைத்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு கிளம்பாது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். பண்ணையாருக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அணைத்தான். மேஸ்திரி ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டார். அதை மென்று முடித்த பிறகுதான், "இப்ப எடு," என்றார்.

காசிம் இறங்கி முன்னால் வந்து இரும்புக் கைப்பிடியைச் சொருகினான். உதடு அசைந்தது. ஒரு சுற்று. எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. பண்ணையார் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். காசிம் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? அது என் சக்கரம் இல்லை.

இன்னொரு சுற்று. எஞ்சின் கிளம்பிச் சீராக ஓடியது.

பண்ணையார் வைத்த காலை உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார். பிறகு யாரையும் பார்க்காமல், "நாளைக்கு வெள்ளன வந்துடு. ஏலாக்குறிச்சி வரைக்கும் போவணும்," என்றார்.

காசிம் கைப்பிடியை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். முகமெல்லாம் வியர்வை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் வந்து, முதலாளிக்குக் கேட்காமல் கேட்டான்.

"அக்கா, மொத சுத்துல கெளம்பலியே, அப்ப எனக்கும் ஒரு பாட்டு ரெடி பண்ணிட்டீங்கதானே?"

"ரெண்டு அடி கட்டிட்டேன் தம்பி. மூணாவது அடிக்கு உன்கிட்ட நல்ல குணம் எதுவும் கெடைக்கல. அதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு."